தனித்தேனீயின் கட்டுச்சோறு



உங்கள் வீட்டு வாசலில் ரோஜாச் செடி இருக்கிறதா? சில நாட்களில் அதன் இலைகளைப் பார்த்தால், யாரோ கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் ஓரங்களில் வட்டவட்டமாக வெட்டு விழுந்திருக்கும். "புழு தின்றுவிட்டது, மருந்து அடிக்க வேண்டும்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். புழு தின்ற இலை கோணல்மாணலாக இருக்கும். இந்த வெட்டோ காசை வைத்து வரைந்ததுபோல் ஒழுங்காக இருக்கிறது. இது புழுவின் வேலையன்று. இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை. தன் பிள்ளைக்கு வீடு கட்ட எடுத்துப் போகிறது.

தேனீ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மரக்கிளையில் தொங்கும் பெரிய கூடும், ராணியும், ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களும்தான். ஆனால் உலகில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அங்கே ராணியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே கூடு கட்டி, தானே உணவு தேடி, தானே முட்டையிடும்.

இலைவெட்டித் தேனீ மூங்கில் துளையையோ, மரத்திலுள்ள ஓட்டையையோ தேடிப் பிடிக்கிறது. வெட்டிய இலைத்துண்டுகளைச் சுருட்டி, உள்ளே விரல்தொப்பி போன்ற ஓர் அறை அமைக்கிறது. பிறகு பூப்பூவாய்ப் போய் மகரந்தத்தை வயிற்றின் அடிப்பக்கத்து மயிரில் அப்பிக்கொண்டு வருகிறது. அதைப் பூந்தேனுடன் பிசைந்து அறையில் வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு, மீண்டும் இலைத்துண்டால் வாயை மூடிவிடுகிறது. அடுத்து இன்னோர் அறை.

தாயின் ஆயுள் சில வாரங்களே. பிள்ளை வெளியே வரும்போது பெரும்பாலும் அவள் உயிரோடு இருப்பதில்லை. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய், பிள்ளைக்குச் சோறு கட்டி வைத்துவிட்டுப் போகிறாள் அல்லவா? இந்தத் தாயும் அப்படித்தான். ஆனால் அவள் திரும்பி வரமாட்டாள். கட்டி வைத்த அந்த ஒரு பொட்டலத்தைத் தின்றுதான் புழு வளர்ந்து தேனீயாக வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நம் நாட்டு ஈரத்தில், சோற்றைத் தூக்கில் மூடி வைத்தால் மறுநாளே கெட்டுப் போகிறது. இனிப்பும் ஈரமும் சேர்ந்த மகரந்தப் பிசையல் பல நாட்கள் எப்படித் தாங்குகிறது?

விடை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. தோசைக்கு அரைத்த மாவு இரவோடு இரவாகப் புளித்துப் பொங்குவது பாக்டீரியாக்களின் வேலை. அவை மாவைப் புளிப்பாக்குகின்றன. புளிப்பு ஏறிய இடத்தில் கெட்ட கிருமிகள் பல தலையெடுப்பதில்லை. இதே வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் தனித்தேனீக்களின் குடலிலும், அவை சேர்த்து வைக்கும் மகரந்தத்திலும் வாழ்கின்றன. மகரந்தம் கெடாமல் இருக்க இவை உதவுகின்றன என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

கூட்டமாக வாழும் தேனீக்களில், புதிதாகப் பிறந்தவள் தன் சகோதரிகளிடமிருந்தே இந்தப் பாக்டீரியாக்களைப் பெற்றுக்கொள்கிறாள். தனித்தேனீக்குச் சகோதரிகளின் கூட்டம் ஏது? அவளுக்கு வேண்டியவை பூக்களிலிருந்து கிடைக்கின்றன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆராய்ந்தபோது, பூக்களிலும் காட்டுத் தேனீக்களிலும் ஒரே பாக்டீரியாக்கள் இருப்பதைக் கண்டார்கள். இந்த வகைகளில் மூன்றுக்கு 2018இல் பெயர் சூட்டப்பட்டது. ஒன்றுக்குத் தேனீ ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட சார்லஸ் மிச்சனரின் பெயரை வைத்தார்கள். லயத்துக் குழாயடியில் எல்லா வீட்டாரும் கூடுவதுபோல், பூவில் பலவகைத் தேனீக்கள் வந்து போகின்றன. ஒன்று விட்டுச்சென்றதை மற்றொன்று எடுத்துச் செல்கிறது.

இந்த நுண்ணுயிர்கள் இல்லாவிட்டால் என்ன? அமெரிக்காவில் தனித்து வாழும் கொத்தனார் தேனீயை வைத்து இதைச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நுண்ணுயிர்களைக் கொன்ற மகரந்தத்தைப் புழுக்களுக்குக் கொடுத்தார்கள். மகரந்தம் அதேதான், அளவும் குறையவில்லை. ஆயினும் நுண்ணுயிர் குறையக் குறையப் புழுக்களின் எடை குறைந்தது, வளர நாளாயிற்று, அதிகமானவை மடிந்தன. மகரந்தத்தில் உள்ள நுண்ணுயிர்கள் தாமும் புழுவுக்குச் சத்துணவாகின்றன என்பது இந்த ஆய்வில் விளங்கிற்று.

எல்லா நுண்ணுயிர்களும் நல்லவை என்று எண்ணிவிடக் கூடாது. இலைவெட்டித் தேனீயின் புழுக்களைக் கொல்லும் ஒருவகைப் பூஞ்சைக் காளானும் உண்டு. பழைய கூட்டிலிருந்து புதிய கூட்டுக்கு அது தொற்றும்.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பவர்கள் நம்மில் பலர். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, செடியில் உள்ள ஒரு நொதியை முடக்கி அதைக் கொல்கிறது. அந்த நொதி தேனீயின் உடலில் இல்லை. ஆனால் பாக்டீரியாக்கள் பலவற்றில் உண்டு. அந்த மருந்து பட்ட வளர்ப்புத் தேனீக்களின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்ததையும், அவை நோய்க்கு எளிதில் பலியானதையும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தார் 2018இல் காட்டினர். களையோடு பூவும் கருகினால் தனித்தேனீக்கு உணவும் போயிற்று, நுண்ணுயிர் கிடைக்கும் இடமும் போயிற்று.

தோட்டத்து வேலை நம் முடிவில் இல்லை. வீட்டு வாசல் நம் கையில் இருக்கிறது. அங்கே பூக்கும் புல்பூண்டு கொஞ்சத்தை விட்டு வையுங்கள். செம்பனைத் தோட்டங்களில் பைப்புழுவின் எதிரிப் பூச்சிகளுக்காகக் கொடிரோஜா நடுவது உண்டு. அதில் ஒரு துண்டை வேலியிலும் நடலாம். ஒருபக்கம் கணு மூடிய மூங்கில் துண்டுகள் சிலவற்றைக் கட்டி, மழை படாத கூரையடியில் தொங்கவிடுங்கள். அதில் வாழ்ந்த தேனீக்கள் வெளியேறிய பிறகு பழைய மூங்கிலை எரித்துவிட்டுப் புதியதை வையுங்கள். காளான் நோய் பரவும் வாய்ப்பு குறையும்.

பிள்ளைகளையும் அருகில் அழைத்துக் காட்டுங்கள். தனித்தேனீக்குக் காக்க வேண்டிய பெரிய கூடு இல்லை. ஆகவே அதைப் பிடித்து நசுக்காதவரை அது கொட்ட வருவது அரிது. மூங்கிலின் வாய் பச்சை இலையால் அடைக்கப்பட்டிருந்தால், உள்ளே ஒரு தாய் சோறு கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை ரோஜா இலையில் வட்ட ஓட்டையைக் கண்டால், மருந்துக் குப்பியை எடுக்குமுன் சற்றே நில்லுங்கள். நான்கு இலை போனால் செடி மீண்டும் தளிர்த்துக்கொள்ளும்.