சர் ஜான் பௌரிங்கும் காலங்கடந்த பத்திரமும்

(கிளைச் சங்கக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



வெள்ளைக்கார கவர்னரின் சரித்திரம் பால்மரம் வெட்டும் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்லப் போகும் சர் ஜான் பௌரிங், ஒரு காலத்தில் மேடை ஏறி ஏழைக்காகப் பேசியவர். அதிகாரம் கைக்கு வந்தபின் அவர் என்ன செய்தார் என்பது நாம் அறிய வேண்டிய பாடம்.

1792ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்ஸ்டர் நகரில் பிறந்தார். பல மொழிகள் கற்றார். அறிஞர் பெந்தாமின் சீடராகி, அவருடைய நூல்களை 11 தொகுதிகளாகப் பதிப்பித்தார். தானியத்துக்கு வரி போட்டு ஏழையின் ரொட்டி விலையை ஏற்றிய சட்டங்களை எதிர்த்தார். பார்லிமெண்டில் அங்கத்தினராக இருந்தார். சமாதானமும் தடையற்ற வாணிபமுமே உலகை வாழ வைக்கும் என்றார். பின்னர் இரும்புத் தொழிலில் போட்ட பணம் கரைந்தது. உத்தியோகத்தை நாடி 1849இல் சீனாவின் காண்டன் நகருக்குக் கான்சலாகப் போனார். 1854இல் ஹாங்காங் கவர்னரானார்.

மறுவருடம் சயாம் சென்று அரசர் மோங்குட்டின் சர்க்காருடன் உடன்படிக்கை செய்தார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. இறக்குமதிக்கு வரி நூற்றுக்கு 3 மட்டும்; அபினுக்கு அந்த வரியும் இல்லை. சயாமில் பிரிட்டிஷ் பிரஜை குற்றம் செய்தால் விசாரிப்பது சயாம் நீதிபதி அல்ல, பிரிட்டிஷ் கான்சல்! இந்த விசாரணை உரிமையில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுவதற்கும் சேர்த்துத்தான், 1909இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கின் மீதும் தனக்கிருந்த உரிமைகளைச் சயாம் பிரிட்டனுக்கு விட்டுக் கொடுத்தது. ஒரு காகிதத்தில் எழுதிய வரி எவ்வளவு தூரம் வருகிறது பாருங்கள்!

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். 1856 அக்டோபர் 8ஆம் நாள், காண்டனில் நின்ற ‘ஆரோ’ என்ற சிறு கப்பலில் சீன அதிகாரிகள் ஏறி, கடற்கொள்ளைச் சந்தேகத்தின் பேரில் 12 மாலுமிகளைப் பிடித்தார்கள். கப்பலின் சொந்தக்காரர் சீனர். ஆனால் ஹாங்காங்கில் பெற்ற பத்திரத்தைக் கொண்டு அது பிரிட்டிஷ் கொடியில் ஓடியது. கொடிக்கு அவமானம் நேர்ந்ததென்று கான்சல் பார்க்ஸ் கொதித்தார்.

பத்திரத்தைப் பார்த்தார்கள். அது செப்டம்பர் 27ஆம் தேதியோடு முடிந்திருந்தது! பதினொரு நாள் கடந்த பத்திரம். அந்தக் கப்பலுக்குப் பிரிட்டிஷ் கொடி பறக்கவிட உரிமை இல்லை என்று பௌரிங்கே பார்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் சீன ஆளுநர் யே மிங்சென்னுக்கு எழுதியபோது, கப்பல் சட்டப்படி கொடி தாங்கியது என்று சாதித்தார்! மாலுமிகள் 12 பேரையும் யே திருப்பி அனுப்பினார். மன்னிப்பு வரவில்லை என்று ஏற்க மறுத்தார்கள். மறுநாளே பீரங்கிகள் முழங்கின. காண்டன் நகருக்குள் வெள்ளையர் நுழையும் உரிமையை இந்தச் சாக்கில் பெற்றுவிடலாம் என்பதே பௌரிங்கின் கணக்கு.

தோழர்களே, நான் கணக்கு எழுதுகிறவன். செக்ரோலில் ஒரு நாள் விடுபட்டால் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி போகிறது. மருத்துவச் சீட்டில் தேதி பிசகினால் விடுப்பு இல்லை என்கிறார்கள். ஏழைக்கு ஒரு நாளும் கணக்கு. கவர்னருக்குப் பதினொரு நாளும் கணக்கில்லை!

லண்டன் பார்லிமெண்டில் இதைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டு வந்தவர் யார்? பௌரிங்கின் பழைய நண்பர் காப்டன். 1857 மார்ச் 3இல் 263க்கு 247 என்ற வாக்கில் தீர்மானம் வென்றது. பிரதமர் பாமர்ஸ்டன் பார்லிமெண்டைக் கலைத்துத் தேர்தலில் ஜெயித்தார், காப்டன் தோற்றார். யுத்தம் 1860 வரை நீண்டது. சீனப் பொறுப்பை எல்ஜின் பிரபுவிடம் இழந்த பௌரிங், 1859இல் பதவி விட்டுப் போய், 1872இல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

அவர் நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஹாங்காங் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்த அங்கத்தினர்கள் வேண்டுமென்று 1855இல் யோசனை சொன்னார், லண்டன் மறுத்தது. அவர் கெட்டவராகவே பிறந்தவரும் அல்லர், படிக்காதவரும் அல்லர். அதனால்தான் இவர் கதை நமக்கு வேண்டியிருக்கிறது. ஒருவர் மேடையில் என்ன பேசினார் என்பதோடு நிற்காதீர்கள். எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டார், அதில் என்ன தேதி, இவரிடம் ஒன்றும் அவரிடம் ஒன்றுமாக எழுதினாரா என்று பாருங்கள்.

நம் கூட்டு ஒப்பந்தத்துக்கும் தொடக்கத் தேதி உண்டு, முடிவுத் தேதி உண்டு. அதைப் படிப்பது கிராணியின் வேலை மட்டுமல்ல. படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டட்டும். நிர்வாகத்தைக் கேட்கும் அதே கேள்வியை, என்னையும் சேர்த்து, சங்கத் தலைவர்களையும் கேளுங்கள். கேட்கிறவர் இருக்கும் இடத்தில் காலங்கடந்த பத்திரம் செல்லாது.