ப்ளூபெர்ரியும் களாக்காயும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வீட்டுத் தோட்டம் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" என்றார் செயலாளர். நான் தோற்ற கதையையே சொல்லிவிடுகிறேன்.

மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். பேரனுக்கு ப்ளூபெர்ரி என்றால் உயிர். காட்டில் பறித்துவந்த அந்தப் பழம் தோட்டப் பயிரானதே அந்த மாநிலத்தில்தான். புளிப்பு மண்ணில்தான் அது வளரும் என்று 1910-ல் எழுதியவர் ஃபிரெடரிக் கோவில். பேரே கோவில், நம்ம ஊருக்குப் பொருத்தம்! அவரும் எலிசபெத் ஒயிட் அம்மையாரும் சேர்ந்து 1916-ல் முதல் விளைச்சலை விற்றார்கள்.

பேரன் வரும்போது காட்டலாமே என்று இரண்டு கன்று வாங்கித் தொட்டியில் வைத்தேன். மூன்றே மாதத்தில் நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் மஞ்சள். வினிகர் கலந்து ஊற்றினேன். பலிக்கவில்லை. சித்திரை வெயிலில் இரண்டும் கருகிப்போயின.

அப்புறம்தான் மண்ணைச் சோதித்தேன். அமில அளவு 8. ப்ளூபெர்ரிக்கு 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். என் வீட்டு போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வினிகர் புளிப்பாக்கியதை மறுநாள் தண்ணீரே மாற்றிவிடும். மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாது. போதாததற்கு, உயர்ரகப் புதருக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரக் குளிர் வேண்டும். மார்கழியிலும் நம்மூரில் அதற்கு எங்கே போவது? அதன் உறவுச் செடிகள் நீலகிரிச் சோலைகளில் தாமாகவே வளர்கின்றன. அங்கே மண்ணும் புளிப்பு, குளிரும் உண்டு.

வைக்கும் முன்னே சோதித்திருக்கணும். தாவரவியல் வகுப்பில் முதல் வாரமே சொன்ன பாடம். பரீட்சையில் எழுதினேன், தோட்டத்தில் மறந்தேன்.

அதே இடத்தில் வேலியோரமாகக் களாச் செடி வைத்தேன். வறட்சி தாங்கும், கல்லு மண்ணிலும் வரும், முள் இருப்பதால் ஆடு மாடு நெருங்காது. முதல் வருஷம் மட்டும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் வருஷம் காய்த்தது. காயில் ஊறுகாய்; கறுத்துப் பழுத்ததை அப்படியே சாப்பிடலாம்.

போன ஆடியில் பேரன் வந்தான். அவசரத்தில் காயைக் கடித்துவிட்டு, "தாத்தா, உதடெல்லாம் ஒட்டுது!" என்றான். பால் அப்படி. பழுத்ததைக் காட்டினேன். ஊருக்குப் போகும்வரை காலையில் எழுந்ததும் வேலிக்குத்தான் ஓடுவான்.

தம்பிகளே, தங்கைகளே, கன்று வாங்கப் போகும் முன் ஒரு பிடி மண்ணை நம் ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். களா விதை வேண்டுவோர் ஆடி, ஆவணியில் என் வீட்டுக்கு வரலாம்.