கதையில் நாம் யார்?



சிலப்பதிகாரத்தின் தலைவி கண்ணகி. 1942-இல் வந்த ‘கண்ணகி’ படத்திலும், 1964-இல் வந்த ‘பூம்புகார்’ படத்திலும் அவள் பாண்டியன் அவையில் நீதி கேட்கும்போது நாமும் அவள் பக்கமே நிற்கிறோம். கதை பார்க்கையில் அநீதிக்கு ஆளானவராகவே நம்மை எண்ணிக்கொள்கிறோம்.

இன்று அரசனைச் சற்று உற்றுப் பாருங்கள். அவன் கொடியவன் அல்லன். ஊடிய அரசியைத் தேடிப் போகும் அவசரத்தில் பொற்கொல்லன் சொல்லை நம்பினான். கோவலனை அழைத்து விசாரிக்கவில்லை. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்தது முத்தல்ல, மாணிக்கம் என்று கண்டதும் சாக்குச் சொல்லவில்லை. குற்றம் தன்னுடையதே என்று ஏற்று, அங்கேயே உயிர்விட்டான்.

தாவீது அரசரும் இறைவாக்கினர் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டு, அதில் வரும் செல்வன்மீதுதான் சினந்தார். அந்த ஆள் தாமே என்று தெரிந்ததும் பாவத்தை அறிக்கையிட்டார் (2 சாமு 12). அதன் விளைவுகளைச் சுமந்தார். ஆயினும் மன்னிப்புப் பெற்று வாழ்ந்தார். பாண்டியன் தன் குற்றத்தைத் தனியே சுமந்து மாண்டான். தாவீது அதை ஆண்டவர் திருமுன் இறக்கிவைத்தார்.

வீட்டில் ஒரு நகை காணவில்லை என்றால் முதலில் யாரைச் சந்தேகிக்கிறோம்? பாத்திரம் துலக்க வரும் அக்காவைத்தானே? விசாரிக்காமலே வேலையிலிருந்து நிறுத்துகிறோம். பிறகு அந்த நகை பீரோவிலேயே கிடைத்தால், அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறோமா? அங்கே நாம் கண்ணகி இல்லை, பாண்டியன்.

அடுத்த முறை படமோ நாடகமோ பார்க்கும்போது, “ஆண்டவரே, இதில் நான் யார்?” என்று கேளுங்கள். விடை கசந்தால், ஒப்புரவு அருளடையாளத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.