மூடிய கதவின் வயது

(கோவையில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பேசக் கூப்பிட்டீங்க. நான் ஒரு விஞ்ஞானியைப் பத்திப் பேச வந்திருக்கேன். உனக்கும் விஞ்ஞானத்துக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேப்பீங்க. நான் கவுண்டர்ல உக்காருற ஆளு. சிரிக்காதீங்க, பேங்க் கவுண்டரைச் சொல்றேன்.

எங்க அம்முச்சி பண்ணாடி தோட்டத்தில் களை வெட்டியே காலம் கழித்தவள். கொட்டாங்குச்சியில் தண்ணி வாங்கிக் குடித்தவள். ஏன் இப்படின்னு சின்ன வயசுல கேட்டேன். "அவிய ரத்தம் வேற, நம்ம ரத்தம் வேற கண்ணு" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறாத வலி.

இந்த வேற ரத்தக் கதைக்கு வெள்ளைக்காரன் விஞ்ஞான முலாம் பூசினான். சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் நம் மக்களின் மூக்கை அளந்தார். ரிஸ்லி மூக்களவை வைத்துச் சாதிகளுக்கு மேல் கீழ் வரிசை போட்டார். அதே மூக்களவுகளைக் கையில் எடுத்து 1948-ல் பாபாசாகேப் திருப்பி அடித்தார்: பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான். அதற்கும் முன்பு, 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக அவர் வாசித்த கட்டுரை, சாதியின் சாரம் அகமணம் என்றது. புறமண வழக்கம் உள்ள மக்கள் மேல் அகமணம் ஏற்றப்பட்டது என்றது. கொங்கு நாட்டில் இதற்கு விளக்கமே வேண்டாம். 'என்ன கூட்டம்?' என்று கேட்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி முறை, கட்டமாட்டார்கள். சாதியைத் தாண்டினாலோ அரிவாள்.

நான் சொல்ல வந்த விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்று, ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங்கோடு சேர்ந்து வேலை செய்தவர். 2005-ல் அந்தமான் பழங்குடிகள், ஆப்பிரிக்காவிலிருந்து ஆதியில் புறப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் என்று எழுதினார்கள். 2009-ல் டேவிட் ரைக் குழுவோடு சேர்ந்து 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுவைப் படித்தார்கள். இந்தியரில் பெரும்பாலோர் இரண்டு பழைய மக்கள் கூட்டத்தின் கலப்பு என்று தெரிந்தது.

எப்போது கலந்தோம்? எனக்குத் தெரிந்த தொழிலில் சொல்றேன். ஐந்நூறு ரூபாய் நோட்டை ஒரு தரம் மாற்றினால் நூறுகள். மறுபடி மாற்றினால் பத்துகள். அப்புறம் சில்லறை. கையில் இருப்பது சில்லறை என்றால் பல தரம் மாறியிருக்கு என்று சொல்லிடலாம். மரபணு இழையும் தலைமுறைக்கு ஒரு தரம் வெட்டி ஒட்டப்படுகிறது. கலந்த நாளில் நீளமாக இருந்த துண்டுகள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. துண்டின் நீளம் பார்த்து வருஷக்கணக்கு போடுகிறார்கள். 2013-ல் 73 சமூகங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டார்கள். கலப்பு நடந்தது சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை. அதற்கப்புறம் நின்றுவிட்டது. யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அந்தக் கதவுக்கு அம்பேத்கர் 1916-லேயே பேர் வைத்துவிட்டார். அதன் வயதை ஆய்வுக்கூடம் இப்போதுதான் சொல்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. கலப்பின் அளவு எல்லாருக்கும் ஒன்றல்ல. வடக்கு, மேற்கிலிருந்து வந்த மூதாதையர் பங்கு 39 முதல் 71 சதவீதம் வரை மாறுகிறது. இதை வைத்து மறுபடி மூக்களக்க ஆள் வருவான். அவனிடம் சொல்லுங்கள்: தூய ரத்தம் என்று சொல்லிக்கொள்ள எந்தச் சாதிக்கும் இதில் ஆதாரம் கிடையாது.

சாத்தின கதவு சாத்தினவனையும் விடவில்லை. 2017-ல் 263 சமூகங்களை ஆராய்ந்ததில், 81 சமூகங்கள் சில முன்னோரிடமிருந்து மட்டும் பெருகி, தங்களுக்குள்ளேயே மணந்து வந்திருப்பது தெரிந்தது. அப்படிப் பெருகினால் அரிய பரம்பரை நோய்களும் கூடவே பெருகும். வைசியரில் சிலருக்கு அறுவைச் சிகிச்சை மயக்க மருந்து கொடுத்தால் தசை நெடுநேரம் இயங்காமல் போகிறது. சரி, நம் சேரிகளிலும் ரத்தம் எடுத்து, குப்பியில் சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். அதனால் வரும் மருத்துவம் சேரிக்குத் திரும்பி வருமா? இதையும் கேட்டாகணும்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். அவன் செய்ததெல்லாம் இரண்டாயிரம் வருஷமாகச் சாத்திக் கிடந்த கதவைத் திறந்து கௌசல்யாவைக் கைப்பிடித்தது.

கடைசியாக ஒன்று. எங்க அக்கா மகனுக்கு வரன் வந்தப்போ, "அவங்க நம்மள்ல எந்தப் பிரிவு?" என்று முதலில் கேட்ட ஆள் நான்தான். மேடையில் அம்பேத்கர், வீட்டில் மனு. அருந்ததியர் வீட்டுப் பெண் பறையர் வீட்டுக்கோ பள்ளர் வீட்டுக்கோ மருமகளாகப் போனால் நம் வளவிலும் முகம் சுளிக்கிறோமா இல்லையா?

அம்முச்சி இப்போ இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: "ரத்தம் வேற இல்லீங் அம்முச்சி. கதவுதான் சாத்தியிருக்கு. நம்ம பக்கமும் தாழ் போட்டிருக்கோம்."

நம்ம பக்கத்துத் தாழை நாமதான் எடுக்கணும்.