அரை மில்லிமீட்டர் கணக்கு

(ஏற்காட்டில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவனுக்குப் பல் ஆஸ்பத்திரியில் என்னப்பா வேலை?' என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. சேலம் வட்டாரத்தில் பல் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். அதில் 'அபெக்ஸ் லொக்கேட்டர்' என்ற சின்னப் பெட்டியைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறேன்.

ரூட் கெனால் சிகிச்சையில் பல் வேருக்குள் ஓடும் குழாயைச் சுத்தம் செய்கிறார்கள். வேர் நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்னால் குழாய் குறுகும். அங்கே நிற்க வேண்டும். முன்பே நின்றால் கிருமி தங்கிவிடும், தாண்டினால் வலி. எக்ஸ்ரே வேரின் நுனியைக் காட்டும், ஆனால் குழாயின் வாய் பக்கவாட்டில் திறந்திருந்தால் பல நேரம் காட்டாது.

1942-ல் ஜப்பானில் சுசுகி நாய்ப் பற்களில் தொடங்கிய ஆய்வை, 1962-ல் சுனாடா மனிதப் பற்களுக்குக் கொண்டுவந்தார். வேரைச் சூழ்ந்த சவ்வுக்கும் வாயின் உட்தோலுக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய 6.5 கிலோ ஓம். பல் எதுவானாலும், வயது எதுவானாலும் அவ்வளவுதான் என்றார். உதட்டில் ஒரு கொக்கி, குழாய்க்குள் 'ஃபைல்' என்ற மெல்லிய கம்பி. கம்பி நுனி சவ்வைத் தொட்டால் மீட்டர் சொல்லிவிடும். ஆக, இந்தப் பெட்டி நீளத்தை அளப்பதே இல்லை, சர்க்யூட்டைத்தான் அளக்கிறது. வம்பெல்லாம் அங்கேதான்.

சேர்வராயன் மலைப் பாறையில் எர்த் பிட் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். சித்திரையில் எர்த் டெஸ்டர் ஒரு அளவு காட்டும், ஐப்பசி மழைக்குப் பின் வேறு அளவு காட்டும். குழியின் ஆழம் மாறவில்லை, ஈரம்தான் மாறியது. பழைய அபெக்ஸ் லொக்கேட்டர்களும் அப்படித்தான். குழாயில் ரத்தமோ சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலோ இருந்தால், நுனி வருமுன்பே வந்துவிட்டதாகக் காட்டும். 1994-ல் கோபயாஷி, சுடா இருவரும் ஒரு வழியை விளக்கினார்கள். 400 ஹெர்ட்ஸ், 8 கிலோஹெர்ட்ஸ் என இரு அலைவெண்களில் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுப்பது. ஈரத்தின் பாதிப்பு வகுத்தலில் பெருமளவு அடிபட்டுப் போகும். வீட்ஸ்டன் பிரிட்ஜில் சப்ளை வோல்டேஜ் அடிபடுகிற மாதிரி!

அப்படியும், 'மெஷின் சரியில்லை, உடனே வாங்க' என்று போன் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பெட்டியில் கோளாறு இருக்காது. ஃபைல் உலோகத் தொப்பியை உரசிக்கொண்டிருக்கும். அல்லது பல்லின் மேல் அறையில் கரைசல் தளும்பி ஈறுவரை ஒழுகும். அகலமான குழாயில் ஒல்லி ஃபைல் விட்டாலும், நுனி இன்னும் மூடாத சிறுவர் பல்லிலும் அளவு தப்பும். சில நாள் வெறும் பேட்டரிதான். மேல் அறையைப் பஞ்சால் ஒற்றி, குழாய்க்குள் மட்டும் ஈரம் விட்டு, பொருத்தமான ஃபைலைப் போட்டால் முள் ஆடாமல் நிற்கும். எக்ஸ்ரேயோடு ஒப்பிடுவதையும் விடக்கூடாது.

இந்த மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரும் காப்பித் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு. அளவு தப்பி, வீங்கி, மறுபடி வரச் சொன்னால், 'பேசாம புடுங்கிடுங்க டாக்டர்' என்பார். நல்ல பல் போய்விடும்.

ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகளே, பிடுங்கிய பல் ஒன்றைப் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். உப்புநீர்க் கிண்ணம், ஃபங்ஷன் ஜெனரேட்டர், ஒரு மீட்டர். நம் லேபிலேயே செய்து பார்க்கலாம். மதிய இடைவேளையில் வாங்க, சர்க்யூட் வரைந்து தருகிறேன்.