இந்தியாவில் இணையச் சமநிலை: கட்டணம், கலந்தாய்வு, உரிமம்

இணையத்தில் செல்லும் எந்தத் தகவலும் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அனுப்பும் கணினியின் முகவரியும் பெறும் கணினியின் முகவரியும் இருக்கும். வழியிலுள்ள ரூட்டர் முகவரியைப் படித்து அடுத்த ரூட்டருக்குத் தள்ளிவிட்டால் போதும். உள்ளே இருப்பது வங்கிக் கணக்கா, திரைப்படமா, பள்ளிப் பாடமா என்று அது அறிய வேண்டியதில்லை. பொதியின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து வகை பிரிக்கும் கருவிகள் பின்னால் வந்தன. அவற்றைக் கொண்டு ஒன்றை முடுக்கலாம், ஒன்றை முடக்கலாம், ஒன்றுக்கு மட்டும் தனி விலை வைக்கலாம். இணைப்பு தரும் நிறுவனம் அப்படிச் செய்யலாமா என்பதே இணையச் சமநிலை விவாதத்தின் மையம். அமெரிக்கச் சட்ட அறிஞர் டிம் வூ 2003இல் எழுதிய கட்டுரையால் இந்தக் கருத்துக்குப் பெயர் நிலைத்தது. 2010இல் சிலி இதை முதன்முதலாகச் சட்டமாக்கியது.

இந்தியாவில் இது கட்டணப் பிரச்சினையாகவே தலைகாட்டியது. 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிக் குரல் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் நிறுத்திவைத்தது. 2015 மார்ச் 27 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. 118 பக்கங்கள், 20 கேள்விகள். வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற செயலிகளுக்கு உரிமம் தேவையா என்பதும் அவற்றுள் அடக்கம். பதில் அனுப்ப ஏப்ரல் 24 வரை அவகாசம் தரப்பட்டது. இத்தகைய அறிக்கைகளுக்கு அதுவரை பதில் எழுதியவர்கள் பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அவற்றின் வழக்கறிஞர்களும்தான்.

வழக்கறிஞர்கள், மென்பொருளாளர்கள், பத்திரிகையாளர்கள், சிறுதொழில் முனைவோர் எனப் பலர் தன்னார்வமாகச் சேர்ந்து ‘சேவ் தி இன்டர்நெட்’ இயக்கத்தை நடத்தினர். 118 பக்கங்களைப் படித்துச் சுருக்கி, 20 கேள்விகளுக்கும் விடை எழுதி, விரும்பியவர் திருத்தி அனுப்பும்படி வைத்ததே அவர்கள் செய்த முதன்மையான வேலை. ஏப்ரல் 11 அன்று ஏஐபி நகைச்சுவைக் குழு வெளியிட்ட காணொளி விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. சில செயலிகளுக்கு மட்டும் டேட்டா இலவசம் என்ற ‘ஏர்டெல் ஜீரோ’ திட்டத்தில் சேரவிருந்த ஃபிளிப்கார்ட் ஏப்ரல் 14 அன்று விலகியது. கடைசித் தேதிக்குள் ட்ராய்க்கு ஏறத்தாழ 10 லட்சம் மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றை அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு ஆணையம் அப்படியே பொதுவில் வெளியிட்டது. பங்கேற்பைப் பழகாத நிர்வாகம் பங்கேற்பை எப்படி எதிர்கொள்ளும் என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்த கட்டம் சிக்கலானது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து ஃபேஸ்புக் அந்த ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய இன்டர்நெட்.ஆர்க் சேவை, செப்டம்பரில் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ ஆனது. இணையமே இல்லாதவருக்குக் கொஞ்சம் இணையம் கிடைப்பது நல்லதுதானே என்பது அதன் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. ஆனால் எந்தத் தளம் உள்ளே வரலாம் என்ற விதிகளை வகுத்தது ஃபேஸ்புக். பயனர் கேட்பதும் பெறுவதும் அதன் கணினிகள் வழியாகவே சென்றன. இலவசத்துக்குள் வந்தவருக்கு எல்லை எங்கே என்று தெரியாமல் போகும் வாய்ப்பும் இருந்தது.

2015 டிசம்பரில் ட்ராய் வெளியிட்ட இரண்டாவது அறிக்கை நான்கே கேள்விகளோடு, விலை வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொண்டது. இந்தச் சுருக்கம் தற்செயலானதாகத் தோன்றவில்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டணம் பற்றி ஆணையமே ஆணையிடலாம். உரிம நிபந்தனைகளைப் பற்றிப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஃபேஸ்புக் தன் பயனர்களைக் கொண்டு லட்சக்கணக்கான ஆதரவு மின்னஞ்சல்களை அனுப்பவைத்தது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களும் வந்தன. அந்த மின்னஞ்சல்கள் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரித்தனவே தவிர, கேட்ட கேள்விகளைத் தொடவில்லை. கலந்தாய்வைத் தலை எண்ணும் கருத்துக்கணிப்பாக்குவது முறையன்று என்று 2016 ஜனவரியில் ஆணையம் கடுமையாகவே எழுதியது. எதிர்த்தரப்பின் மின்னஞ்சல்களும் வார்ப்புப் படிவங்கள்தாம் என்பதை மறுப்பதற்கில்லை. வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை, கேள்விக்கு விடை இருந்ததில்தான். வெறும் கூட்டத்தின் வெற்றியாக இந்த இயக்கத்தை விவரிக்கும் எழுத்துகள் இந்த இடத்தைத் தவறவிடுகின்றன.

2016 பிப்ரவரி 8 அன்று வந்த ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணம் மாறுவதைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50 ஆயிரம் ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் அபராதம். அவசரகாலச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. சில நாட்களில் ஃபேஸ்புக் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸைக் கைவிட்டது. வேகத்தைக் குறைத்தல், தடுத்தல் ஆகியவற்றுக்கான தடை 2017 நவம்பர் பரிந்துரைகளின் வழியாக 2018இல் உரிம நிபந்தனைகளுக்குள் வந்தது. அமெரிக்காவில் 2015இல் வந்த விதிகள் 2017இல் நீக்கப்பட்டு, 2024இல் மீண்டும் இயற்றப்பட்டு, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தன. ஒப்பிட்டால் இந்திய விதிகள் நிலையானவை.

நிலையானவை, ஆனால் முழுமையானவை அல்ல. கட்டண வேறுபாடு பயனரின் கண்ணுக்குத் தெரியும். வேக வேறுபாடு தெரியாது. அதை அளந்து கண்காணிக்கப் பல தரப்பினரும் அடங்கிய ஓர் அமைப்பு தேவை என்று 2017இல் சொன்ன ட்ராய், 2020 செப்டம்பரிலும் அதையே பரிந்துரைத்தது. உரிம நிபந்தனைகளில் சிறப்புச் சேவைகளுக்குத் தரப்பட்ட விலக்கு, ஒரே 5ஜி வலையமைப்பைப் பல அடுக்குகளாகப் பிரித்து விற்கும் நுட்பம் வந்தபின் எவ்வளவு விரியும் என்பது தனி ஆய்வுக்குரியது. பெரிய காணொளி நிறுவனங்கள் வலையமைப்புச் செலவில் பங்கு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இப்போது கோருகின்றன. அனுப்புபவரே பணம் தரும் ஏற்பாட்டை நோக்கி 2016இல் நகர்ந்த தென்கொரியாவிலிருந்து, வலையமைப்புக் கட்டணம் பெரும்பாலான மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி 2024 பிப்ரவரியில் காணொளி நேரலைத் தளமான ட்விட்ச் வெளியேறியது.

எல்லாவற்றையும்விடக் கடினமான விலக்கு, அரசின் ஆணைக்குத் தரப்பட்டுள்ள விலக்கு. 2019 ஆகஸ்டில் முடக்கப்பட்ட காஷ்மீர் இணையம் 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் திரும்பியபோது, பட்டியலில் உள்ள தளங்களை மட்டுமே திறக்க முடிந்தது. தனியார் நிறுவனம் பட்டியல் போட்டால் அபராதம், அரசு போட்டால் உரிமத்துக்கு உட்பட்டது என்ற நிலையை இணையச் சமநிலைக் கோட்பாட்டுக்குள் வைத்து விளக்க முடியுமா, அல்லது அது கருத்துரிமைச் சட்டத்தின் பொருளா என்பது விவாதத்துக்குரியது.