நாவல்களில் நிமிர்ந்து நின்ற பெண்கள்

தமிழ் நாவல்களில் அநீதியை எதிர்த்து நிற்கும் பெண்ணுக்குக் கடைசிப் பக்கத்தில் நீதி கிடைத்துவிடுவது அரிது. ஆனால் அவளோடு கூடவே நடந்து வந்த வாசகருக்கு அநீதி நடக்கும் விதம் பிடிபட்டுவிடுகிறது: யார் அளக்கிறார், யார் கணக்கு எழுதுகிறார், யார் வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம். பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர்கள் பலர் நாளை அளக்கும் இடத்திலும் கணக்கு எழுதும் இடத்திலும் உட்காரப் போகிறவர்கள். இந்த நாவல்கள் அவர்களுக்கு வேண்டியிருப்பது அதனால்தான்.

காலத்தால் முந்தியது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’. தாசிக் குடும்பத்தில் வளர்க்கப்பட்டவர் அவர். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை மேடைதோறும் எதிர்த்துப் பேசியவர். நாவலின் பாத்திரங்களும் மேடையில் நிற்பவர்களைப் போலவே நீளமாகப் பேசுகிறார்கள். கதைக்கட்டு தளர்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் வலை பின்னப்படும் விதத்தை உள்ளிருந்து பார்த்த ஒருவர் எழுதிய புத்தகம் என்பதால் அதன் இடத்தை வேறொன்று நிரப்ப முடியாது. பொட்டுக்கட்டுவதைத் தடை செய்த சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1947-இல். நாவல் அதற்குப் பதினொரு ஆண்டு மூத்தது.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) குரல் உயர்த்தாத நாவல். குமரி மாவட்டப் பனங்காட்டு ஊரில் லிஸி வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றுபோகிறது, வீட்டுச் சுவர்களே உலகமாகிவிடுகின்றன. நொடித்துப்போன பெரிய வீட்டின் பெண் பனையேறி ஒருவனை விரும்பினால் குடும்பம் பொறுக்குமா? லிஸி சண்டையிடவில்லை. வேறொருவனுக்குக் கழுத்தை நீட்ட மறுக்கிறாள், அவ்வளவுதான். அந்த ஒரு மறுப்பின் எடை நாவல் முழுவதையும் தாங்குகிறது.

கள ஆய்வு செய்து நாவல் எழுதுவதை ஒரு மரபாகவே வளர்த்தவர் ராஜம் கிருஷ்ணன். 15 வயதில் மணமுடித்து அனுப்பப்பட்டவர், கல்லூரிப் படிப்பு இல்லாதவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே பழகி அவர் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ (1979) நாவலில் பொன்னாச்சியும் தம்பி பச்சையும் வேலை தேடி உப்பளத்துக்கு வருகிறார்கள். பாத்திகளில் உப்புநீர் காலை அரிக்கிறது, வெண்மையின் கூச்சம் கண்ணைத் தின்கிறது. அதோடு மேற்பார்வை செய்பவனின் பார்வையையும் பொன்னாச்சி சமாளிக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய ‘பாதையில் பதிந்த அடிகள்’ (1991) நிஜமாக வாழ்ந்த ஒருவரின் கதை. மணலூர் மணியம்மாள், பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதில் விதவையானவர். கணவர் இறந்தபின் ஊர் திரும்பியவர் சேரிக்குள் போனார், காங்கிரசிலிருந்து கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தார். முடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, சிலம்பம் கற்றுக்கொண்டு பண்ணையாட்களைத் திரட்டினார். எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்குச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாகக் கிடைத்த பழைய தஞ்சை மாவட்டத்தில் நடந்தது இது. 1953-இல் மான் முட்டி அவர் உயிர் போயிற்று. வரலாற்றுப் புத்தகங்கள் ஏறக்குறைய விட்டுவிட்ட இந்தப் பெண்ணை, அவரோடு பழகியவர்களைத் தேடிப்போய்க் கேட்டு ராஜம் கிருஷ்ணன் மீட்டெடுத்தார். தமிழ் நாவல் செய்த பெரும் தொண்டுகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இவற்றுள் மனத்தை அதிகம் அறுப்பது இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994). ஆரோக்கியம் தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒருத்தி. பிரசவம் பார்ப்பதும், சாவு வீட்டு வேலைகளும், களத்தில் உதவுவதும் அவள் பொறுப்பு. இதற்கெல்லாம் பணமாகக் கூலி கிடையாது. களத்தில் அள்ளிப் போடும் தானியமும், இரவில் வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும்தான். அள்ளிப் போடும் கை கொஞ்சம் சுருங்கினால் அவள் வீட்டில் ஒரு வேளை குறையும். காலம் மாறுகிறது, பழைய தேவைகள் ஒவ்வொன்றாக அவளைவிட்டு நழுவுகின்றன. முன்பு இருந்த கொடுமையும் கொடுமை, அது போகும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதும் கொடுமை. மகள் மேரிக்கு நேர்ந்த வன்முறையை வெளியே சொன்னால் நியாயம் கேட்க ஆள் கிடையாது, சோறு போடும் வாசல்களும் மூடும். அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று எழுதாததில்தான் இமையத்தின் நேர்மை இருக்கிறது.

இதே வரிசையில் பாமாவின் ‘சங்கதி’ (1994) தனியாகப் பேசப்பட வேண்டியது. அங்கே வசவும் பாட்டும் சிரிப்புமே பெண்களின் ஆயுதம். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004), ஊர்க்கட்டுப்பாட்டைப் பெண்களே பெண்கள்மேல் காவல் காக்கும் விதத்தைக் காட்டுகிறது. ஈழத்திலிருந்து தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ வன்னிப் போரின் கடைசிக் கட்டத்தைச் சொல்கிறது. பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தபடியே இருக்கும் முதிய பெண்ணுக்கு, அடுத்த வேளைக் கஞ்சியும் அடுத்த பதுங்கு குழியும்தான் அன்றாடம்.

ஒரே மூச்சில் படிக்க விரும்புகிறவர் ‘புத்தம் வீடு’ நாவலில் தொடங்கலாம், அளவில் சிறியது. ‘கோவேறு கழுதைகள்’ நாவலை மெல்லத்தான் படிக்க வேண்டும். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009-இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவற்றில் பல இணைய நூலகங்களில் காசில்லாமல் கிடைக்கின்றன.